ஃப்ரீசர் கதவு ரப்பர் தளர்ந்து போச்சா? வீட்டிலேயே மாற்றலாம் வாங்க!

மாசி பிறந்துவிட்டாலே நம்ம வாலாஜாபாத்தில் ஃப்ரிட்ஜுக்கு ஓய்வு கிடையாது. இட்லி மாவு, பால், மோர், வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய பூ என்று எல்லாமே அதற்குள்தான் அடைக்கலம். ஆனால் கதவைச் சுற்றி ஓடும் அந்த ரப்பரை, அதாவது கேஸ்கட்டை, ஐஸ் வழிந்து தரை நனையும் வரை யாரும் கவனிப்பதில்லை. மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம் தோழிகளே. பெரும்பாலான வேலையை நாமே முடித்துக்கொள்ளலாம்.

1. ஃப்ரீசரின் வாய் ஓரத்தில் மட்டும் ஐஸ் தடித்துக்கொண்டே போகிறதா? கதவு விளிம்பில் முத்து முத்தாக நீர் கோக்கிறதா? வெளியே இருக்கும் ஈரக்காற்று இடுக்கு வழியாக நுழைந்து அங்கேயே உறைவதால்தான் இப்படி ஆகிறது. கம்ப்ரசர் இடைவெளி விடாமல் ஓடுகிறதா என்று ராத்திரி அரவம் அடங்கிய பிறகு காது கொடுத்துக் கேளுங்கள்.

2. ரப்பரைக் குறை சொல்லும் முன் மாவுக் குண்டானைப் பாருங்கள்! பாத்திரத்தின் விளிம்போ கரண்டிக் காம்போ கதவுத் தட்டில் இடித்தால், கதவு மூடியது போலத் தெரியும், ஆனால் மூடியிருக்காது. பெரிய குண்டானில் இருப்பதை இரண்டு சின்ன டப்பாக்களில் மாற்றி வைத்தாலே பாதி வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

3. காகிதச் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பலர் கைப்பிடி பக்கம் ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, கதவை மூடி இழுங்கள். இறுக்கமில்லாமல் உருவி வரும் இடத்தில் வெளிப்புறம் பென்சிலால் குறி போட்டு வையுங்கள், பிறகு உதவும்.

4. இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே கதவைப் பார்த்தபடி வைத்து மூடுங்கள். சமையலறை விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். கீழ் விளிம்பையும் கீல் பக்கத்தையும் குனிந்து பார்க்க மறக்காதீர்கள், வெளிச்சக் கீற்று முதலில் அங்கேதான் தெரியும். போனை அதிக நேரம் குளிரில் விடாமல் உடனே எடுத்துவிடுங்கள்.

5. நல்ல ரப்பருக்கு இன்னொரு அடையாளம்: கதவை மூடிய கையோடு திரும்பத் திறந்தால் கொஞ்சம் மல்லுக்கட்டும். உள்ளே போன சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, கதவை உள்பக்கம் இழுப்பதால் வரும் பிடிப்பு அது. ரப்பரில் இடுக்கு விட்டிருந்தால் அந்தப் பிடிப்பு இருக்காது.

6. ரப்பருக்குள் நீளமாக ஒரு காந்தப் பட்டை ஓடுகிறது. ஒரு சேஃப்டி பின்னை விளிம்பு நெடுக ஒட்டவைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பின் நழுவி விழுந்தால் அங்கே பட்டை உடைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை, புதுசு வாங்க வேண்டியதுதான். எல்லா இடத்திலும் ஒட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் அடுத்து வரும் வேலைகளைச் செய்து பாருங்கள்.

7. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் ரப்பர் மடிப்பை விரித்து விரித்துத் தேயுங்கள். சர்க்கரைப் பாகு, மாவு, பால் என்று ஒட்டி இறுகியிருப்பதெல்லாம் வரும். அழுக்குத்தான் பல நேரம் ரப்பரை ஃப்ரிட்ஜ் விளிம்போடு ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கும்.

8. கருப்புப் பூஞ்சைப் புள்ளிக்கும் மஞ்சள் கறைக்கும் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர், பினாயில் பக்கமே போகாதீர்கள், ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.

9. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், துடைத்து முடித்த பின் வெள்ளைப் பொடி படியும். கடைசித் துடைப்புக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உலர்ந்த பழைய வேட்டித் துணியால் மடிப்பு வரைக்கும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

10. ரப்பர் மெதுவாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். குளிரில் உறைந்து, அழுக்கைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். கீல் பக்கம் ரப்பர் உரசிச் சுருண்டால் மட்டும், விரல் நுனியில் துளி வாசலின் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு தடவினால் போதும்.

11. தட்டையாக அமுங்கிப்போன ரப்பருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பென்சில் குறி போட்ட இடத்தில் சில நிமிடம் வைத்துவிட்டு, விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்து விடுங்கள். பதம் விட்டுப் போகாத ரப்பர் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

12. ஒரு மூலை மட்டும் உள்வாங்கியிருந்தால், அந்த இடத்தில் ரப்பருக்குப் பின்னால் மெல்லிய ஃபோம் துண்டு ஒன்றைச் செருகித் தூக்கிவிடலாம். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் தறி வீடுகளில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் நூலையோ துணியையோ உள்ளே திணிக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும்.

13. ஃப்ரிட்ஜ் நிற்கும் வாட்டத்தையும் பாருங்கள். முன்பக்கம் இம்மியளவு உயர்ந்திருந்தால் பாதி திறந்த கதவு தானாகவே வந்து மூடிக்கொள்ளும். முன்கால்களைத் திருகி உயர்த்தலாம். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பவர்கள், நாலு சக்கரமும் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

14. இரண்டு லிட்டர் பாட்டில்களை வரிசையாகக் கதவில் அடுக்கினால் நாளடைவில் கதவு தொங்கிவிடும். மேல் கீலின் ஸ்குருவைச் சற்றே தளர்த்தி, கைப்பிடி பக்கத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் இறுக்கினால் நேராகிவிடும். தொங்கும் கதவுக்குப் புது ரப்பர் போட்டாலும் பழைய கதைதான்.

15. இதையெல்லாம் செய்தும் காகிதம் உருவி வருகிறதா? மடிப்பில் வெடிப்பு, மூலையில் கிழிசல், வளைத்தால் ‘மொறுக்’ என்று சத்தம் கேட்கும் விறைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் இனி தள்ளிப்போடாதீர்கள். ரப்பருக்காகும் செலவு சில நூறு ரூபாய்தான். ஓயாமல் ஓடித் தேயும் கம்ப்ரசருக்கு ஆகும் செலவு அதைப் போலப் பல மடங்கு.

16. கரண்ட் பில் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே ஏறிய யூனிட்டோடு போவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் இரட்டிப்பு விலை விழுகிறது. கோடையில் 480, 490 என்று எல்லையில் நிற்கும் குடும்பங்களுக்கு, கசியும் ஃப்ரிட்ஜ் ஒன்றே அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கப் போதும்.

17. வாங்கும் முன் ரப்பரின் உள்மடிப்பை விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் செருகி மட்டும் இருந்தால் வேலை மிகச் சுலபம், இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இதுதான். வரிசையாக ஸ்குரு தெரிந்தால் பழைய மாடல், பொறுமை வேண்டும். பள்ளமும் இல்லை, ஸ்குருவும் இல்லை, கதவோடு ஒட்டியே வந்திருக்கிறது என்றால் கை வைக்காமல் கம்பெனி சர்வீஸைக் கேளுங்கள்.

18. ஃப்ரிட்ஜின் உள்சுவரில் காய்கறி டிரே பக்கத்திலோ, பின்புறத்திலோ மாடல் எண் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். எழுதிக்கொண்டு போனால் ஓர் எழுத்து மாறிவிடும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் மேலே ஃப்ரீசர் கதவுக்கும் கீழ்க் கதவுக்கும் தனித்தனி ரப்பர், எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

19. மாடலே வழக்கொழிந்து போயிருந்தாலும் கவலை வேண்டாம், அளவு சொன்னால் பொருத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு. செருகும் வகைக்கு, ஒரு பக்கப் பள்ளத்தின் நடுவிலிருந்து எதிர்ப்பக்கப் பள்ளத்தின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். ஸ்குரு வகைக்கு, பழைய ரப்பரின் ஒரு வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும். எந்த அளவைச் சொல்கிறீர்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டால் திரும்ப அலைய வேண்டாம். ரப்பரின் குறுக்குவெட்டு தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செருகும் முனையின் வடிவம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும்.

20. கடையிலேயே நாலு மூலையையும் விரித்துப் பாருங்கள். மூலை ஒட்டு பிரியாமல் இருக்க வேண்டும், காந்தம் நெடுகப் பிடிக்க வேண்டும். வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம் விலை குறைவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நிறத்தால் குளிர் குறையாது.

21. காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ வாங்கி பஸ்ஸில் கொண்டுவருபவர்கள், ரப்பரை நாலாக மடித்துப் பையில் அமுக்காதீர்கள். உள்ளே காந்தப் பட்டை மடிந்து உடைந்துவிடும். பெரிய வளையமாகச் சுருட்டி, அகலமான துணிப்பையில் தளர்வாகப் போட்டு, கூட்டத்தில் நசுங்காமல் கொண்டுவாருங்கள்.

22. வேலைக்கு நாள் பார்க்கிறீர்களா? மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாள்தான் நல்ல நாள். முதல் நாளே பால், மாவு வாங்குவதைக் குறைத்து ஃப்ரிட்ஜைக் காலியாக்கி வையுங்கள். ஐஸ் கரைப்பது, தட்டுகள் கழுவுவது, ரப்பர் மாற்றுவது என மூன்றும் ஒரே மூச்சில் முடியும். கரண்ட் இல்லாவிட்டாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது.

23. மிச்சமிருக்கும் பால், மாவு, தயிரை ஓர் அகலப் பாத்திரத்தில் நெருக்கமாக வைத்து, ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டிகளை நடுவில் போட்டு, தடித்த போர்வையால் மூடி வையுங்கள். இரண்டு மணி நேர வேலைக்கு இது தாராளம்.

24. ஐஸ் கரையட்டும் என்று கத்தி, ஸ்குரு டிரைவர் கொண்டு குத்தவே கூடாது. இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் ஆர்-600ஏ என்ற எளிதில் தீப்பற்றும் வாயு ஓடுகிறது, ஓட்டை விழுந்தால் ஆபத்து. அடியில் துணி விரித்து, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தினால் தானாகவே உதிர்ந்துவிடும்.

25. பொட்டலத்திலிருந்து எடுத்த புது ரப்பர் நெளிந்து நெளிந்துதான் இருக்கும், குறையென்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கோடையில் மொட்டைமாடியில் தட்டையாக விரித்துக் கொஞ்ச நேரம் வெயில் காட்டினாலே நெளிவு எடுபட்டுவிடும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் விறைத்திருக்கும். அப்போது கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

26. பழையதை ஒரு மூலையில் பிடித்து மெல்ல இழுத்தால் உருவிக்கொண்டு வரும். உடனே புதுசை மாட்ட அவசரப்பட வேண்டாம். அந்தப் பள்ளத்தில்தான் பல வருஷத்து அழுக்கு இருக்கும். தென்னங்குச்சியில் துணி சுற்றிச் சுரண்டித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தொடருங்கள்.

27. செருகும் வகையில் நாலு மூலையும் முதலில், நடுப்பகுதி பிறகு. மேல் இரண்டு மூலை, கீழ் இரண்டு மூலை என்று கட்டை விரலால் அமுக்கி உட்கார வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலையை நோக்கி அமுக்கிக்கொண்டே போங்கள். ஒரு முனையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசியில் ரப்பர் மிஞ்சும், இல்லாவிட்டால் போதாது. நீளம் எட்டவில்லை என்று இழுத்துச் செருகினால் இரண்டு நாளில் மூலை கழன்றுவிடும்.

28. ஸ்குரு வகையில்தான் முக்கிய ரகசியம் இருக்கிறது: எந்த ஸ்குருவையும் முழுசாகக் கழற்றாதீர்கள்! கதவின் உள்பலகையும் அதே ஸ்குருவில்தான் நிற்கிறது. மொத்தமாகக் கழற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும், பிறகு எந்த ரப்பரும் பொருந்தாது. பாதி மட்டும் தளர்த்தி, உள்பலகை விளிம்பை லேசாக நெம்பி, மேலிருந்து பழையதை உருவி, உடனே புதுசை அதே இடுக்கில் நுழையுங்கள். எல்லா ஸ்குருவையும் அரைகுறையாகப் பிடித்துவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால், ஒருவர் அந்த மூலையை அமுக்கிப் பிடிக்க மற்றவர் இறுக்கட்டும். பிளாஸ்டிக் பழசு என்பதால் முறுக்கி இறுக்கினால் விரிசல் விடும், பிடித்தால் போதும் என்ற அளவோடு நிறுத்துங்கள்.

29. பொருத்திய பிறகும் ஒரு மூலை ஃப்ரிட்ஜ் விளிம்பைத் தொடாமல் நின்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள், ஓரிடத்திலேயே பிடிக்கக் கூடாது. இளகியதும் விரலால் வெளியே இழுத்து, கதவை மூடி, ராத்திரி முழுக்க அந்த மூலையில் செல்லோ டேப் ஒட்டி வையுங்கள். ஓரிரு நாளில் படிந்துவிடும்.

30. உடனடி பசை, எம்-சீல் எதுவும் ரப்பரில் தடவாதீர்கள். இன்றைக்கு ஒட்டும், நாளைக்கு இறுகி மேடு தட்டிப் புது இடுக்கை உண்டாக்கும். அடுத்த முறை மாற்றும்போது பள்ளத்தையே பெயர்த்துக்கொண்டு வரும்.

31. ரப்பர் கசிந்த காலத்தில் குளிர் போதவில்லை என்று குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருகி வைத்திருப்போம். புதுசு போட்ட பின் அதை நடுவுக்குக் கொண்டுவர மறந்துவிடுகிறோம். ஃப்ரீசருக்கு மைனஸ் 18 டிகிரி, கீழ்ப்பகுதிக்கு 4 டிகிரி போதும். மிச்சமாகும் காசில் பெரும்பகுதி இந்தக் குமிழில்தான் இருக்கிறது!

32. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவு இருக்கும். அதன் ஸ்பிரிங்கோ கீலோ உடைந்து திறந்தே கிடந்தாலும் ஐஸ் மலை போல வளரும். அந்தக் கதவு தனியாகவே கிடைக்கிறது, பெரிய ரப்பரை மாற்றும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

33. பொங்கலையொட்டிப் பழையசீவரம் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் நேரத்தில் நம் பக்கத்து வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடியபடியே இருக்கும். ரப்பரில் சந்தேகம் இருந்தால் மார்கழியிலேயே வேலையை முடித்துவிடுங்கள், பண்டிகை நாளில் மெக்கானிக்கைத் தேடுவது கஷ்டம்.

34. தறி ஓடும் கூடத்திலேயே ஃப்ரிட்ஜ் இருந்தால், நூல் தூசு பறந்து ரப்பர் மடிப்பிலும் பின்பக்கக் கம்பி வலையிலும் படியும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த பெயின்ட் பிரஷால் இரண்டையும் தட்டிவிடுங்கள். சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் விடுங்கள்.

35. மல்லிப் பூவை ஈரத்தோடு வாழை இலையில் சுற்றிக் கதவுத் தட்டில் வைத்தால், சொட்டும் நீர் நேராகக் கீழ் ரப்பர் மடிப்பில்தான் போய்த் தங்கும். மூடி போட்ட டப்பாவில் வைத்து உள்தட்டில் வையுங்கள். பூவும் நாள்பட இருக்கும், ரப்பரும் கருக்காது.

36. கடை வைத்திருப்பவர்களுக்கு: மேலே திறக்கும் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி ரப்பரில் சிந்திய ஐஸ்கிரீம் பிசுக்கு ஒட்டி, திறக்கும்போதெல்லாம் பிய்த்து எடுக்கும். ராத்திரி கடை சாத்தும்போது ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். பெட்டி கம்பெனி கொடுத்தது என்றால் ரப்பரை நீங்கள் மாற்ற வேண்டாம், அவர்கள் ஆளே வந்து மாற்றட்டும்.

37. கழற்றிய ரப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் காந்தப் பட்டையைக் கத்தரித்து எடுத்து, ஜன்னல் கொசுவலையின் ஓரத்திலும் இரும்புச் சட்டத்திலும் வைத்தால் வலை படக்கென்று மூடிக்கொள்ளும். ஃபால்ஸ் தைக்கும் இடத்தில் சிதறும் ஊசிகளைப் பொறுக்க ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம். மிச்ச ரப்பரைக் கொல்லைக் கதவின் அடியில் ஆணியடித்து விட்டால் கரப்பான்பூச்சி வரத்து குறையும்.

38. எதற்கும் உதவாத ரப்பரைப் போகி நெருப்பில் போடவே கூடாது. இது பி.வி.சி. பிளாஸ்டிக், எரிந்தால் வரும் புகை மூச்சுக்குழாயை அரிக்கும். பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடமோ குப்பை வண்டியிலோ தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

39. ஃப்ரிட்ஜையே காயலான் கடைக்குப் போடும் நிலை வந்தால், முதல் வேலையாகக் கதவைக் கழற்றித் தனியே வையுங்கள். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் கைப்பிடியைத் திருகினால்தான் திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனதால்தான், உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறக்க வேண்டும் என்று 1956-இல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். தாழ்ப்பாள் போய் காந்த ரப்பர் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். ஆனாலும் சின்னக் குழந்தையின் கைக்குக் காந்தக் கதவும் கனமே. திண்ணையிலோ தெருவோரத்திலோ ஒரு ராத்திரி கிடக்கப்போகிறது என்றாலும் கதவில்லாமலே கிடக்கட்டும்.